1962 மாடலில் ஒரு பேஸ் கிட்டார் செய்து வாங்கிய அனுபவம்

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்றை அசல் மாதிரியே செய்து வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய கிட்டாரில் உங்களுக்கு வேண்டியது என்ன? பார்வையா, கையில் பிடிக்கிற உணர்வா, சத்தமா? மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, மூன்றுக்கும் ஒரே செலவும் ஆகாது. எனக்கு முதலில் வேண்டியது கைக்கு அடங்கும் நெக், அதாவது இடது கையில் பிடிக்கிற நீண்ட கழுத்து. அப்புறம் சத்தம். பார்வை கடைசி. இதை முதல் நாளே சொல்லிவிட்டதால், செய்தவருக்கும் எனக்கும் கடைசிவரை மனஸ்தாபம் வரவில்லை.

நான் மனதில் வைத்திருந்தது ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், 1962-ன் முற்பகுதியில் வந்த மாதிரி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951-ல் இதைக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொண்டு, ஃபிரெட் என்ற குறுக்குக் கம்பிகளை வைத்துத் துல்லியமாக வாசிக்க ஒன்று கிடைத்தது. 1957-ல் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளை, இரண்டு துண்டாகப் பிரித்து வடிவத்தையும் மாற்றினார்கள். 1959-லிருந்து மேப்பிள் நெக்கின் மேல் ரோஸ்வுட் விரல்பலகை வந்தது. 60-களின் தொடக்கத்தில் வந்தவை இவை எல்லாம் கூடிய பேஸ்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் ஒரு 1962 ப்ரிசிஷன்தான். சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் மஞ்சள், ஓரத்தில் கருப்பு), தடித்த ஃபிளாட்வுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பிகள், கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பாஞ்ச். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவையும் வாசித்தார். 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் அந்த பேஸ் திருட்டுப் போனது. இளையராஜா பாடல்களின் பேஸ் கேட்டு வளர்ந்த காது எனக்கு. பின்னால் ஜேமர்சனைக் கேட்டபோது, பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போகிற அதே பழக்கம் அங்கேயும் இருப்பதைக் கண்டு அதிலேயே விழுந்துவிட்டேன்.

அந்தக் காலத்து அசல் ஒன்று இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகும். அது எனக்குக் கட்டாது. ஃபெண்டரே 1982-ல் 57, 62 மாடல்களை மறுபடி செய்து வெளியிட்டது, அதற்குப் பிறகும் பல வரிசைகள் வந்துவிட்டன. அவை நல்ல கருவிகள். ஒரு பழைய பேஸ் வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதில் ஒன்றை வாங்கிக்கொள்வதே உத்தமம். நான் வேறு வழியில் போனதற்குக் காரணம், நான் கையில் பிடித்துப் பார்த்த ஒரு குறிப்பிட்ட நெக்.

கோடம்பாக்கத்தில் பல வருடம் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் 1963-ல் செய்த ப்ரிசிஷன் ஒன்று இருக்கிறது. அவர் அனுமதியோடு அதை அளந்தேன். 62-க்கும் 63-க்கும் நெக்கின் வடிவில் பெரிய வித்தியாசம் கிடையாது. விரல்பலகையை ஒட்டும் விதம்தான் 1962 நடுவில் மாறியது. அதற்கு முன்னால் அடிப்பக்கம் தட்டையான தடித்த பலகை, பிறகு நெக்கின் வளைவோடு ஒட்டிய மெல்லிய பலகை. அவரிடம் இருப்பது இரண்டாவது வகை. நெக்கைக் கழற்றி அடியைப் பார்க்கவேண்டிய வேலை இல்லை, எப்போதோ ரிப்பேருக்குக் கழற்றியபோது எடுத்த படத்தை வைத்திருந்தார். மாதம், வருடம், கடைசியில் சி என்ற எழுத்து, எல்லாம் முத்திரை குத்தியிருந்தது. சி என்றால், நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் இருக்கும் இடத்தில் அகலம் 1¾ அங்குலம், அதாவது 44.45 மி.மீ.

"எல்லாக் கம்பியையும் ஒரேயடியா கழட்டிடாதேப்பா, நெக் கோச்சுக்கும்" என்றார். கழற்ற அவசியமே வரவில்லை. சீப்பு மாதிரி ஊசிகள் அடுக்கிய காண்டூர் கேஜ் ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. அதை நெக்கின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் ஊசிகள் உள்ளே போய் வளைவு அப்படியே பதிந்துவிடும். மரத்தில் கீறல் விழாமல் இருக்க நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்தேன். 1, 3, 5, 7, 9, 12 என்று ஒவ்வொரு ஃபிரெட்டிலும் எடுத்து, கெட்டி அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டேன். வெர்னியர் வைத்துத் தடிமன் பார்த்தால் 1-வது ஃபிரெட்டில் 20.5 மி.மீ., 12-வதில் 23.5 மி.மீ. ஆனால் எந்த அளவிலும் சிக்காத ஒன்று இருந்தது. விரல்பலகையின் இரண்டு ஓரமும் பல வருட வாசிப்பில் மழுங்கி உருண்டிருந்தன, அதுவும் ஒரே சீராக இல்லை. அவர் கை அதிகம் நின்ற 1 முதல் 7 வரை நன்றாக உருண்டை, மேலே போகப் போகக் கூர்மை. பழைய நெக் என்றால் கைக்குச் சுகம் என்று எல்லோரும் சொல்வதில் பாதி இந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

செய்து கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்குவது அவர் தொழில், கிட்டார் செய்வது கூடவே வளர்த்துக்கொண்ட வேலை. வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்கிறவருக்கு அரை மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் கிடையாது. நெட்டில் எடுத்த படங்களைக் காட்டத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டார். "ஃபோட்டோவெல்லாம் வேண்டாமுங்க தம்பி, அளவு இருந்தா குடுங்க." அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத வச்சுக் கண்ண மூடிட்டு செய்யலாமுங்க" என்றார்.

அப்படிச் சொன்னாரே தவிர நேராக மேப்பிளில் கை வைக்கவில்லை. முதலில் மலிவான சில்வர் ஓக்கில் ஒரு நெக் செதுக்கி, ஃபிரெட் எதுவும் அடிக்காமல் எனக்கு அனுப்பினார். டிவி பார்க்கும்போதும் போன் பேசும்போதும் இடது கையில் அதைப் பிடித்தபடியே இருந்தேன். 5-வது ஃபிரெட் பக்கம் நெக்கின் ஓரவளைவு கொஞ்சம் தடித்திருப்பதாகப் பட்டது, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். இந்த ஒத்திகை நெக்கைப் பேரம் பேசும்போதே கேட்டு வாங்குங்கள், கூடுதலாகக் காசு கேட்டால் கொடுங்கள். பாடியில் ஒரு குறை இருந்தால் சரிசெய்யலாம், பிக்கப்பை மாற்றலாம். நெக்கில் மரத்தைக் குறைத்துவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது.

மரத்துக்கு வருகிறேன். அசலில் பாடி ஆல்டர், நெக் ஹார்டு மேப்பிள், இரண்டும் அமெரிக்க மரங்கள். அவரிடம் இரண்டுமே இருப்பு இருந்தது. பாடிக்கு நம்மூர் மகோகனி போட்டால் செலவு குறையும் என்று அவரே சொன்னார். தப்பில்லாத யோசனைதான். ஆனால் எடை கூடும் என்று ஆல்டருக்கே போனேன், முடிந்தபோது மொத்த எடை நாலு கிலோவுக்குள் நின்றது. நெக்குக்கான மேப்பிளை முதலில் பெரிதாக அறுத்து, பட்டறையிலேயே ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா வைத்தார். வளைகிறதெல்லாம் வளைந்த பிறகு மறுபடி இழைத்து நேராக்கினார். வெளிநாட்டு மரம் நம் ஈரக்காற்றுக்குப் பழகாமல் நெக்காக மாறினால், பிற்பாடு கிட்டாரில் இருக்கும்போது வளையும். அதனால் "ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், மரம் எவ்வளவு காலமாக அவரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

அசலின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அது 1992-லிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, வியாபாரத்துக்கு வழியில்லை. யாராவது அதைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. நம்மிடம் ஈட்டி, அதாவது இந்திய ரோஸ்வுட், இருக்கிறதே. 60-களின் நடுவிலிருந்து ஃபெண்டரும் இந்திய ரோஸ்வுட்டுக்குத்தான் மாறியது. 34 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) நட்டிலிருந்து 20-வது ஃபிரெட் வரை கிட்டத்தட்ட 59 செ.மீ. அந்த நீளத்துக்கு முடிச்சில்லாத நேர் ரேகை உள்ள ஒரு துண்டு போதும். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றிலிருந்து வந்த ஈட்டிக் கட்டிலின் சட்டம் அவரிடம் இருந்தது. அறுத்தபோது உள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள். பல காலம் காய்ந்த மரம் என்பதால் அசையவே இல்லை. தட்டையான தடித்த பலகையாகவே ஒட்டினார். வாங்கிய பில்லை இருவரும் ஒவ்வொரு நகல் வைத்துக்கொண்டோம். ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017-ல் சைட்ஸின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கச்சேரிக்கு வெளிநாடு போகிறவர்கள் இந்தக் காகிதத்தைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

அசலிலிருந்து நான் வேண்டுமென்றே விலகிய இடம் டிரஸ் ராட், அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பி. பழைய ஃபெண்டரில் அதன் திருகு நெக்கின் அடிப்பக்கம் பாடிக்குள் ஒளிந்திருக்கும், திருப்பவேண்டுமென்றால் நெக்கைக் கழற்றவேண்டும். கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் எப்போதாவது செய்யும் வேலையாக இருந்திருக்கலாம். சென்னையில் மே மாதத்துக்கும் நவம்பருக்கும் நடுவில் நெக் எவ்வளவு நகரும் என்பது இங்கே வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் அதே அடிப்பக்கத்திலேயே, ஆனால் வெளியிலிருந்து ஒரு கம்பியை விட்டுத் திருப்பக்கூடிய சக்கர நட் போடச் சொன்னேன். பார்வை கெடவில்லை. அசல் விரும்பிகள் சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். அவர்கள் ஊரில் ஈரக்காற்று குறைவு.

பிக்கப்பில்தான் பணமும் நேரமும் வீணானது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் "60-களின் தொடக்க மாதிரி" என்று எழுதியிருந்ததை நம்பி வரவழைத்தோம். மாட்டிப் பார்த்தால் சத்தம் பெரிதாக இருந்தது, நடுவில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. மல்டிமீட்டர் வைத்தால் 12.8 கிலோ ஓம். அந்தக் காலத்துப் ப்ரிசிஷன் பிக்கப் என்றால் ஒவ்வொரு சுருளிலும் ஏறக்குறைய 10,000 சுற்று, 42 கேஜ் கம்பி, இரண்டும் தொடராகச் சேர்ந்து 10-லிருந்து 11 கிலோ ஓம். நம் வெயிலில் செம்புக்கம்பியின் மின்தடை கூடும் என்பது உண்மை. 20 டிகிரியில் 10.5 காட்டுவது 32 டிகிரியில் 11-ஐத் தொடும். 12.8-க்கு அந்தக் கணக்கு போதாது. கேட்டதற்கு அந்த விற்பனையாளர் பதிலே போடவில்லை. அடுத்து வாங்கியவரிடம் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், காந்தம் அல்னிகோ 5 என்ற உலோகக் கலவைதானா, எந்த வெப்பநிலையில் அளந்தது என்று நாலையும் எழுதிக் கேட்டேன். எழுதியே பதில் வந்தது, பிக்கப்பும் அப்படியே இருந்தது.

இந்தப் பிக்கப் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கண்டுபிடிப்பு. இரண்டு துண்டுகளும் எதிரெதிர் திசையில் வேலை செய்வதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எர்த் ஒழுங்காக இல்லாத கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு காந்தம் என்றில்லாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருப்பதால், விரல் பட்டவுடன் வரும் அடியும் மென்மையாகிவிடும். வயரிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 250 கிலோ ஓம் பாட் (சத்தத்துக்கும் டோனுக்கும் திருகுகள்) இரண்டு, ஒரு கெபாசிட்டர். கெபாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரடா 0.1-ஆ என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறார்கள். டோனை முழுக்க மூடி வாசித்தால்தான் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டும்.

பெயின்ட் விஷயத்தில் பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் ஃபெண்டர் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தது, தனி நிறங்களுக்கு டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்களைப் பயன்படுத்தியது. நம்மூர் பாலிஷ்காரர்கள் என்.சி. என்று சொல்வதும் இந்த நைட்ரோசெல்லுலோஸைத்தான். மெல்லிய படலமாக நிற்கும், காலப்போக்கில் மஞ்சளாகும், தொட்டால் மரத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். ஆனால் டூகோ பெயின்ட் என்று கேட்டால் ஆளுக்கொன்றை எடுத்து நீட்டுவார்கள், பாலியூரிதேன் என்ற பி.யு.வும் அதில் அடக்கம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கவேண்டும். எங்கள் வேலை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் படலத்துக்குள் ஈரம் சிக்கி, வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி பூத்துவிடும். ஓரத்தின் கருப்பில் அது பளிச்சென்று தெரிந்தது. மெதுவாகக் காயவைக்கிற ரிட்டார்டர் தின்னர் கலந்து ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "தை பொறக்கட்டுமுங்க" என்று எடுத்து வைத்துவிட்டார். நானும் அவசரப்படுத்தவில்லை. தை மாதத்து வெயிலில் அடித்தது கண்ணாடியாக வந்தது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, ஓரத்தில் கருப்பு. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் உரசிப் பளபளப்பேற்றினார்.

புதிய கிட்டாரை உரசியும் கீறியும் பழசாகக் காட்டுகிற ரெலிக் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் அறுபது வருடம் வாசித்த தழும்புகளை நான் விலைக்கு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. விரல்பலகை ஓரத்தை மட்டும் அளவு எடுத்த மாதிரியே உருட்டச் சொன்னேன், அது கைக்காக.

இதையொட்டி இன்னொன்று. தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற ஸ்டிக்கர் ஒட்டித் தரச்சொல்லி யாரும் கேட்காதீர்கள். பாடியின் வடிவத்தை வர்த்தக முத்திரையாகப் பதிய ஃபெண்டர் கேட்டதை 2009-ல் அமெரிக்க வர்த்தக முத்திரைத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது, அது எல்லோரும் செய்கிற பொதுவான வடிவமாகிவிட்டது என்று. தலைப்பகுதியின் வடிவமும் பெயரும் அப்படியல்ல, அவை ஃபெண்டருக்கு உரியவை. எங்கள் பேஸின் தலை கொஞ்சம் வேறு வளைவோடு இருக்கிறது, அதில் செய்தவரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. நெக் உட்காரும் குழிக்குள் அவர் பெயரையும் மாதம், வருடத்தையும் சூட்டுக்கோலால் எழுதச் சொன்னேன். என் காலத்துக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் அசல் 1962 என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டமுடியாது. அதோடு, அவ்வளவு உழைத்தவர் பெயர்தானே அதில் இருக்கவேண்டும்.

கம்பி கட்டியதும் தெரிந்தது, அசலின் குணத்தோடு அதன் குறையும் வந்திருக்கிறது. ஜி கம்பியில் 6-வது ஃபிரெட்டில் மட்டும் ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடுகிறது. மரத்தில் செய்து போல்ட்டில் மாட்டிய இந்த மாதிரி நெக் பலவற்றிலும் 5-க்கும் 7-க்கும் நடுவில் இப்படி ஒரு டெட் ஸ்பாட் இருக்கும். அந்த இடத்தில் கம்பியின் அதிர்வும் நெக்கின் சொந்த அதிர்வும் ஒத்துப்போவதால், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. பெரியவரின் 1963-லும் அதே பக்கத்தில் இருக்கிறது. தலைப்பகுதியில் சின்ன எடை ஒன்றை மாட்டினால் அது நகரும், நகர்ந்து வேறு ஸ்வரத்தில் போய் உட்காரும். நான் அப்படியே விட்டுவிட்டேன். நான் வாசிக்கிற குட்டை ஸ்வரங்களுக்கு அது தடையாக இல்லை. நீண்டு நிற்கும் ஸ்வரம் முக்கியம் என்றால், கார்பன் ஃபைபர் கம்பிகள் பதித்த நெக்கை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள், அது அசலாக இருக்காது என்று தெரிந்துகொண்டு.

ஜேமர்சன் போட்ட, லா பெல்லா நிறுவனத்தின் 52–110 ஃபிளாட்வுண்ட் கம்பிகளைத்தான் கட்டியிருக்கிறேன். இழுவிசை அதிகம். எந்தக் கம்பி போடப்போகிறீர்கள் என்பதை செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நட்டின் வெட்டும் நெக்கின் நேரும் அதைப் பொறுத்தது. 1-வது ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி எனக்குச் சரியாக இருக்கிறது. பிரிட்ஜ் பக்கம் ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் அந்தத் தடித்த, குட்டையான சத்தம் உடனே வந்துவிடும். பல்லாயிரம் ரூபாய் பிக்கப்பை விடப் பத்து ரூபாய் ஸ்பாஞ்ச் அதிகம் மாற்றுகிறது என்பதை வாசித்துப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. பணத்தை மூன்று தவணையாகப் பேசிக்கொண்டோம்: மரம் வாங்கும்போது, நெக் ஒத்திகை சரி என்று நான் சொன்னபோது, கடைசியாக வாசித்துப் பார்த்து வாங்கும்போது. வாங்கி வந்த பிறகு ஒரு வருடம் போனதும் மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய் ஃபிரெட் மட்டம் பார்த்துக்கொண்டு வந்தேன். கோடையும் மழையும் ஒரு சுற்று பார்த்த பிறகு புது நெக் கொஞ்சம் நகர்ந்து உட்காரும், அந்தச் செலவையும் ஆரம்பக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் வைத்த கிட்டார் ஸ்டாண்டில் மட்டும் நிறுத்தாதீர்கள், ரப்பர் பட்ட இடத்தில் என்.சி. இளகி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி சுற்றிய ஸ்டாண்ட் போதும்.